நான் எங்க குந்துறது?

யாரைப் பார்த்து வரைய வந்தீர்கள் என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஓவியர் ஆதிமூலத்தின் கோடு, காசிமேட்டு மீன்காரம்மாக்கள். கல்லூரியிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறேன். அந்த மீன்காரம்மாக்களில் ஒரு அக்காவைச் சுவரில் பெரிதாக வரைந்த பிறகு முதல் பாதி சுலபமாக வருகிறது. இரண்டாம் பாதிக்கு நாக்கு இழுக்கிறது.

அக்கா கேட்டது ஒரே வரிதான். "என்ன குந்த வெச்சு படம் போட்டுட்ட, சர்தான். நான் எங்கபா குந்துறது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். சாரம் பிரித்த பையன்கள் எங்கள் இருவரையும் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து போட்டோகூட எடுத்தார்கள். அந்த போட்டோவில் அக்காவுக்குப் பின்னால் பதினைந்தடி உயரத்துக்கு அக்கா உட்கார்ந்திருக்கிறார். நடுவில் புதுசாகக் கட்டிய சங்கிலி.

அந்தச் சுவரோரத்தில்தான் அவர்கள் ஆண்டாண்டு காலமாகக் கூடை வைத்திருந்தார்கள். நிழல் விழும், முதுகு சாய்க்கலாம். ஏலத்தில் எடுத்த சங்கராவும் கானாங்கெளுத்தியும் அங்கேதான் விற்றுத் தீரும். நான் ஸ்கெட்ச் புக்கோடு போய் நின்றதும் அந்த நிழலில்தான். படம் முடிந்ததும், மறைக்கக் கூடாது என்று சொல்லிச் சங்கிலி கட்டிவிட்டார்கள். கட்டியது நான் இல்லை.

இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒரு பேச்சும் இருக்கிறது. வேலை கொடுத்த அலுவலகத்திலிருந்து வந்தவர் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். கடலோரச் சுவர், உப்பு பூக்கும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எக்ஸ்டீரியர் எமல்ஷன் போட்டாலும் கீழ்ப்பக்கம்தான் முதலில் உரியும் என்றேன். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் படாமல், யாரும் சாய்ந்து உரசாமல் இருந்தால் அஞ்சு வருஷம் நிற்கும் என்றும் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். பெயின்ட்டைப் பற்றிக் கேட்டால் பெயின்ட்டைப் பற்றித்தானே சொல்ல முடியும்? யார் சாய்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அது வேறு.

அதே மனிதரிடம் நான் சண்டை போட்டது நிறத்துக்காக. முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்றார். முடியாது என்றேன். காவி ஸ்டெய்னர், கறுப்பு, அதில் ஒரு சொட்டு நீலம். அந்த நீலம் இல்லாவிட்டால் வெயிலில் நின்ற கறுப்பு வராது, வெறும் சேறாகிவிடும். கையில்தான் அதிக நேரம் செலவழித்தேன். அரிவாள்மனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு மீனைத் திருப்பும்போது கட்டைவிரல் பின்னால் வளையும். முன்கையில் காய்ந்து ஒட்டிய செதில்கள், கண்ணாடி வளையலுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு பக்கம் மட்டும் மின்னும். முகத்துக்கு வரம்புக்கோடு போடவில்லை. சுருக்கங்களே முகத்தைக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது ஆதிமூலத்திடமிருந்து எடுத்தது. 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, அவர் போட்ட கறுப்பு வெள்ளைக் காந்திகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பிய்ந்த மாதிரி ஓடும் கோடுகள், ஆனால் ஆள் கனமாக நிற்பார்.

நிறத்தில் நான் ஜெயித்தேன். அந்தப் பெருமையிலேயே மீதி நாள்கள் ஓடிவிட்டன. கறுப்பைக் கறுப்பாகப் போடுவதற்காக அத்தனை வாய் பேசியவன் சங்கிலிக் கம்பங்களை இறக்கிய நாளில் சாரத்தின் மேல் இருந்தேன். எதற்கென்று கீழே இறங்கிக் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கண்ணை முடித்தாக வேண்டும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கண் வேலை நடக்கும்போது இறங்க மாட்டேன், எந்த ஓவியனும் இறங்க மாட்டான். இது சாக்கா காரணமா என்று இன்னும் பிடிபடவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், 1850இல் தொடங்கிய எங்கள் ஓவியக் கல்லூரியில், மாடலாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கூலி உண்டு. அது வேலை என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்ததும் அது மறந்துவிடுகிறது. தெருவில் யாரை வேண்டுமானாலும் வரையலாம், அதற்குப் பெயர் பயிற்சி. மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்புகிறார்களே, உழைப்பாளர் சிலை, 1959இல் வைத்தது. செய்த ராய் சௌத்ரி எங்கள் கல்லூரி முதல்வராக இருந்தவர். தசை எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று பார்க்க அங்கே போவோம். அந்த உடம்புகளுக்காக நின்றவர்கள் யார், என்ன வாங்கினார்கள் என்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. வான்கோ நியூனென் கிராமத்தில் குடியானவர்களை வரைந்துகொண்டிருந்தபோது, அவருக்கு யாரும் உட்காரக் கூடாது என்று உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் தடுத்தார். 1885இல் நடந்தது. கல்லூரி நாள்களில் அந்தப் பாதிரியாரைத் திட்டாத ஆளில்லை. அவர் தடுத்ததற்குக் காரணம் வேறு, ஊர்ப்பேச்சு. இருந்தாலும் இப்போது அவர்மேல் பழைய கோபம் வரமாட்டேனென்கிறது.

பணம் கொடுக்கப் போனேன். எனக்கு வந்ததில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், பெரிய பங்கில்லை. இப்போது தெருமுனையில் உட்காருகிறார்கள், வெயிலில், பிளாஸ்டிக் சாக்கைக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு. அக்கா நோட்டுகளை எண்ணினார். ஈரக்கையோடு எண்ணினார்.

"இன்னாத்துக்குபா இது? படத்துக்கா, எடத்துக்கா?"

"படத்துக்குதான்க்கா."

"சரி" என்று இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, வந்த ஆளிடம் வஞ்சிரம் விலை சொல்லப் போய்விட்டார். இடத்துக்கு என்று சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன். அந்த யோசனையே வெட்டி. இடம் என்னுடையதில்லை, கொடுக்கவும் முடியாது, அதற்கு விலை பேசவும் முடியாது.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், தெருமுனையில் வியாபாரம் நன்றாக ஓடுகிறதாம். பஸ் நிறுத்தம் பக்கத்தில், போகிற வருகிறவர்கள் வாங்குகிறார்கள். அக்காவே சொன்னார். "அங்க இருந்ததுக்கு இங்க தேவல. முதுவுதான் நோவுது." அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனை வேகமாக நிம்மதி வந்தது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நண்பனிடம் சொன்னபோது, அப்படியென்றால் உன்னால் நல்லதுதானே நடந்திருக்கிறது என்றான். நடந்ததில் எனக்குப் பங்கில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த நான் அதை மறுக்கவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் வேலைகளில் அந்தக் கைதான் சிறந்தது. அந்தக் கையை விட்டுக்கொடுத்து அந்தப் பெண்களுக்குச் சுவரோரம் மிஞ்ச வேண்டும் என்றால் விட்டுக்கொடுப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது வியாசர்பாடியில் ஒரு சுவர் பேச்சில் இருக்கிறது. கால்பந்து ஆடுகிற பிள்ளைகளை வரையச் சொல்கிறார்கள். கொட்டேஷனில், வந்து நிற்கும் பிள்ளைகளுக்குத் தினக்கூலி என்று தனியாக ஒரு வரி போட்டேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அடியில் மூன்றடிக்குப் படம் வராது, வெறும் கருஞ்சாம்பல் அடித்து விடுவேன், சாய்வதற்கு, உட்காருவதற்கு, சைக்கிள் நிறுத்துவதற்கு என்றும் எழுதியிருந்தேன். சதுர அடிக் கணக்கில் அந்த மூன்றடியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்களாம். சுவர் நீளமானது, தொகை சின்னதில்லை. படத்தைத் தரையிலிருந்தே ஆரம்பித்தால் பிள்ளைகளின் கால்கள் முழுசாக வரும், கால்பந்துக்குக் கால் முக்கியம் என்று வேறு எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.