புடாபெஷ்டில் டிக்கெட் பார்த்த பெரிய மனிதர்

புடாபெஸ்ட் என்று நாம் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் 'புடாபெஷ்ட்' என்கிறார்கள். 1873 வரை அப்படி ஒரு ஊரே கிடையாது. டான்யூப் நதிக்கு மேற்கே புடாவும் ஓபுடாவும், கிழக்கே பெஷ்டும் தனித்தனி ஊர்களாக இருந்தன. சரி, இதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். நான் போனது ரயில் பார்க்க. வெந்நீர்க் குளங்களுக்காக வந்த மனைவிக்கு இது விமானம் ஏறிய பிறகுதான் தெரியும்.

முதல் நாளே அசடு வழிந்தேன். ஆண்ட்ராஷி சாலைக்கு அடியில் ஓடும் ஒன்றாம் எண் மெட்ரோவுக்குப் படியிறங்கினால், நடைமேடையில் எதிர்த்திசை வண்டி நிற்கிறது. தண்டவாளம் கண்ணெதிரே இருந்தும் அந்தப் பக்கம் போக வழியில்லை. ஒவ்வொரு திசைக்கும் சாலையின் அந்தந்தப் பக்கத்தில் தனி வாசலாம். மறுபடி மேலே ஏறி, சாலையைக் கடந்து, இறங்கினோம். இருபது முப்பது படிகள்தான், அதனால் பிழைத்தேன்.

ஆழம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அழகான சாலையின் மேல் டிராம் ஓடக் கூடாது என்று பிடிவாதம். அதனால் சாலையைத் தோண்டி, பாதை போட்டு, மேலே மூடிவிட்டார்கள். 1896இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இதுதான் முதல் சுரங்க ரயில். வெள்ளை ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண், பொம்மை போன்ற மஞ்சள் பெட்டிகள். மற்ற தடங்களை மெட்ரோ என்பவர்கள் இதை மட்டும் 'நிலத்தடி' என்று பொருள்படும் ஹங்கேரியச் சொல்லால் அழைக்கிறார்கள். செச்செனி குளியல் மாளிகை வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ஆவி பறக்கும் நீரில் மார்பளவு நின்றபடி சதுரங்கம் ஆடும் தாத்தாக்களைப் பார்த்த பிறகு மனைவியின் கோபம் கொஞ்சம் தணிந்தது.

மறுநாள் பற்சக்கர ரயிலில் புடா மலையேறினோம். அங்கேதான் நான் தேடி வந்த சிறுவர் ரயில். 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் தொடங்கியது. ஆட்சி போயும் ரயில் நிற்கவில்லை. காட்டுக்குள் 11 கிலோமீட்டர் சொச்சம் ஓடும், அகலம் குறைந்த தண்டவாளம். எஞ்சின் ஓட்டுவது பெரியவர்கள். டிக்கெட் விற்பது, சிக்னல் பார்ப்பது, வண்டியை அனுப்பி வைப்பது எல்லாம் பத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள், பெரியவர்களின் மேற்பார்வையில். பள்ளியில் நல்ல மதிப்பெண் வேண்டும். பயிற்சி முடித்துத் தேர்விலும் தேற வேண்டும்.

எங்கள் பெட்டிக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. என் டிக்கெட்டை வாங்கி, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பே இல்லை. 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வண்டி கிளம்பும்போது நிலையத்தில் நிற்கும் பிள்ளைகள் விறைப்பாக சல்யூட் அடிக்கிறார்கள். இரண்டாவது நிலையத்தில் நானும் பதிலுக்கு அடித்தேன். மூன்றாவதில் மனைவியும் அடித்தாள். கடைசி நிலையமான ஹூவஷ்வோல்ஜியில் இறங்கியதும் அவளே கேட்டாள்: "திரும்பிப் போக டிராம் வேண்டாம், இதிலேயே போவோமா?"