எர்த் வயரில் காணாமல் போன மூன்று வோல்ற்

மே மாதம் ஒரு படகு வாங்கினேன். 2003ஆம் ஆண்டுப் படகு, 18 அடி நீளம், பின்பக்கம் 4.3 லீற்றர் வி6 எஞ்சின். ட்றெயிலரோடு சேர்த்து 7,500 டொலர். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பா வெளியே வந்து ஒருதரம் சுற்றிப் பார்த்தார். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், தட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் போய் நின்று கேட்டார்:

“கயிறு எங்கை தம்பி?”

“இதுக்குக் கயிறு இல்லை அப்பா. திறப்புத்தான்.”

“அப்ப பற்றறி செத்தா நடு ஏரியில என்ன செய்யிறது?”

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரை விட்டு எழும்பும்வரை அவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கயிற்றை இழுத்தால் சில்லில் இருக்கிற காந்தமே பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிவிடும். பற்றறி என்ற ஒன்றே அதில் கிடையாது. அந்த மனிதருக்கு, திறப்பைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற எஞ்சினில் நம்பிக்கை வராதது நியாயம்தான்.

“முதல் உந்த வயரெல்லாத்தையும் வடிவாப் பார். அதுக்குப் பிறகு நான் ஏறுறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது மூன்றாம் நாளே பலித்தது. விற்றவர் வீட்டில் ஒரே திருப்பில் ஸ்ராட் ஆன எஞ்சின், என் வீட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. டாஷ்போர்ட் விளக்குகள் மங்கி, திறப்பை விட்டதும் மறுபடி பளிச்சென்று வந்தன. அதோடு வேறு இரண்டு தொல்லைகள். இரவு விளக்கைப் போட்டால் பெற்றோல் முள் கீழே இறங்கியது. நாலைந்து நாள் சும்மா விட்டால் பற்றறி சோர்ந்துபோனது.

நான் படகு மெக்கானிக் இல்லை. குளிர்காலத்தில் ஃபேர்னஸ், கோடையில் ஏசி பழுதுபார்ப்பது என் வேலை. ஆனால் கையில் ஒரு மீற்றர் இருக்கிறது, அதை எங்கே வைக்கவேண்டும் என்று தெரியும். நண்பன் ஒருவன் “ஸ்ராட்டர் போயிட்டுது மச்சான், புதுசு போடு” என்றான். இன்னொருவன் பற்றறியை மாற்றச் சொன்னான். சாமானை வாங்கி மாற்றிப் பார்ப்பது வைத்தியம் இல்லை, பணத்தை எறிகிற வேலை. முதலில் அளக்கவேண்டும்.

அதற்கும் முதல் ஒரு விஷயம். பெற்றோல் எஞ்சின் படகில் எஞ்சின் மூடியைத் திறந்து காற்றாடச் செய்யாமல் வயரில் கை வைக்கக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழே போய்த் தங்கும். அதனால்தான் ஸ்ராட் பண்ணுவதற்கு முன் நான்கு நிமிடம், ஆவியை வெளியே தள்ளுகிற புளோவரைப் போடும்படி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். காருக்கு விற்கிற ஸ்ராட்டர், பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்ற்றர்னேற்றர் விலை குறைவு என்று இதில் பூட்டக்கூடாது என்பதும் இதே காரணத்துக்குத்தான். படகுக்கென்று செய்தவை வெளியே பொறி தெறிக்காதபடி மூடப்பட்டிருக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். பற்றறி ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ற். முழுச் சார்ஜ். இதைப் பார்த்துவிட்டு “பற்றறியில பிழையில்லை, வயர்கள் எல்லாம் சரி” என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் மின்சாரம் ஓடாதபோது கறல் பிடித்த இணைப்பும் 12.7தான் காட்டும். சுமை ஏறினால்தான் உண்மை வெளியே வரும். கணக்கு லேசானது: ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் ஓம் ஒன்றில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற் அந்த இடத்தில் சூடாகிப் போய்விடும்.

எஞ்சின் சூடேறாமலிருக்க, தோட்டக் குழாயை எஞ்சின் காலில் (தண்ணீருக்குள் இறங்குகிற பகுதி) பொருத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டு, மகனைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். ஸ்ராட்டர் திணறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வோர் இடமாக அளந்தேன். பற்றறி முனைகளில் 11.9. பொசிற்றிவ் முனையிலிருந்து ஸ்ராட்டர் வரை உள்ள கேபிளில் விழுந்தது 0.3. நல்லது. ஸ்ராட்டருக்குக் கிடைத்தது 8.5 மட்டும். மீதி எங்கே? மின்சாரம் பற்றறிக்குத் திரும்புகிற வழி எஞ்சின் இரும்பும் அதில் பூட்டிய எர்த் வயரும்தான். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றறியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்தேன். 3.1 வோல்ற். அங்கே கால் வோல்ற்றுக்கு மேல் இருக்கவே கூடாது.

எஞ்சினின் பின்பக்கம், ரோர்ச் அடித்துத் தலையைக் கீழே விட்டால் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு போல்ற்றில் நான்கு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மெல்லிய வயர்கள் அடியில், பற்றறியின் தடித்த கேபிள் எல்லாவற்றுக்கும் மேலே. நட்டைக் கழற்றியபோது முறுக்கே தேவைப்படவில்லை, விரலாலேயே சுழன்றது. அடியில் எஞ்சின் பெயின்ற், அதன்மேல் கறல். தடித்த கேபிளின் வளையம் பச்சைக் களிம்பு பூத்து, உரசினால் மாவு மாதிரி உதிர்ந்தது. ரப்பர் உறையைக் கத்தியால் கீறி உரித்தேன். உள்ளே செம்பு நிறமே இல்லை. கறுப்பு. இன்னும் அரை அடி உரித்தும் கறுப்புத்தான். ஈரம் ஒரு முனையில் புகுந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்கிடையே ஏறிப் போய்விடும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும் என்பது இதற்காகத்தான். இது யாரோ போட்ட சாதாரணக் கேபிள்.

புதுக் கேபிள் போட்டேன். இரும்பை வயர் பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, தடித்த வளையத்தை இரும்போடு ஒட்டி முதலாவதாக வைத்து, அதன்மேல் மற்றவை. மேலே கொஞ்சம் கிறீஸ். மகன் திறப்பைத் திருப்பினான். அந்த 3.1 இப்போது 0.2. எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது. பற்றறி முனையில் 14.2 வந்தது, ஆகவே சார்ஜ் ஆவதும் சரி. ஸ்ராட்டர் வாங்கச் சேர்த்த பணம் பொக்கற்றில் அப்படியே இருக்கிறது.

பெற்றோல் முள்ளின் கதையும் இதே குடும்பம்தான். டாஷ்போர்ட்டுக்கு வருகிற எர்த் வயர் ஒன்றுதான். விளக்கும் மீற்றர்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அது பழுதானால் ஒன்றின் மின்சாரம் மற்றதன் அளவைக் கெடுக்கும். நீளமான ஒரு வயரை எடுத்து, பற்றறியின் நெகற்றிவ்விலிருந்து டாஷ்போர்ட்டின் எர்த் பட்டைக்கு நேரே கொடுத்துப் பார்த்தேன். விளக்கைப் போட்டேன், முள் அசையவில்லை. ஐந்து நிமிடத்தில் நோய் தெரிந்துவிட்டது. வயரை இழுத்துக்கொண்டு போய்ப் பூட்ட முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

பற்றறி சோர்வதைக் கண்டுபிடிக்க நெகற்றிவ் கேபிளைக் கழற்றி, மீற்றரை இடையில் வைத்தேன். (இந்த நிலையில் மறந்தும் திறப்பைத் திருப்பக்கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும்.) எல்லா சுவிட்சும் ஓஃப். ஆனாலும் 0.38 அம்பியர் ஓடியது. நாளொன்றுக்கு 9 அம்பியர் மணி. என் பற்றறி 80 அம்பியர் மணி. ஐந்தே நாளில் பாதிக்கு மேல் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது பாட்டுப்பெட்டியின் அம்ப்ளிஃபையர் பியூஸில் அளவு 0.02க்கு இறங்கியது. அதை எழுப்புகிற வயரை யாரோ நேராகப் பற்றறியிலேயே கொடுத்திருக்கிறார்கள். இரவும் பகலும் விழித்தே இருந்திருக்கிறது.

அப்படிப் பிடுங்கும்போது கண்ட ஒன்று எனக்கு உண்மையிலேயே பயத்தைத் தந்தது. அடித்தண்ணீர் இறைக்கும் பம்பின் பியூஸ் 5 அம்பியர் என்று பம்பிலேயே எழுதியிருக்கிறது. போட்டிருந்தது 30. பம்ப் இறுகி நின்றால் பியூஸ் எரியாது, வயர்தான் எரியும். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில். அந்தப் பம்பின் இணைப்பு, வீட்டுச் சுவருக்குள் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியால் முறுக்கி, தண்ணீர் நிற்கிற இடத்திலேயே விடப்பட்டிருந்தது. பழைய படகு வாங்குகிறவர்கள் இருக்கையின் துணியைப் பார்க்கிறோம், பெயின்ற்றைப் பார்க்கிறோம். தயவுசெய்து பியூஸ் பெட்டியைத் திறந்து எண்களை வாசியுங்கள். எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வாகனம் இது. இணைப்பை வெட்டி எறிந்து, சூடாக்கினால் உள்ளே பசை உருகி இறுகுகிற குழாய் போட்டு, உயரத்தில் கட்டிவிட்டேன். 5 அம்பியர் பியூஸ். தண்ணீர் ஊற்றி மிதவையைத் தூக்கிப் பார்த்தேன், பம்ப் ஓடியது.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை 404 நெடுஞ்சாலையில் ஏறிக் கெஸிக் போய், சிம்கோ ஏரியின் குக்ஸ் பேயில் இறக்கினோம். இரண்டாவது பற்றறி ஒன்றைத் தனி சுவிட்சோடு பூட்டியிருந்தேன். அப்பாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் அதுதான். அவர் அதைக் கையால் அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. “துடுப்பு?” என்றார். இரண்டு துடுப்புகளையும் காட்டினேன். அதன் பிறகுதான் ஏறினார். அணியத்தில், காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் போய் இருந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது மட்டும் “உப்பு மணமில்லை” என்றார்.

ஹோர்ன் இன்னும் ஊதவில்லை. பட்டனை அழுத்தும்போது பட்டனடியில் 12.4 இருக்கிறது, ஹோர்னடியில் 4தான். இப்போதைக்கு லைஃப் ஜாக்கெற்றில் ஒரு விசில் கட்டியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அணியத்துத் தட்டைக் கழற்றவேண்டும். ரோர்ச் பிடிக்க அப்பா வருகிறார்.