வேறு தண்ணீர் இல்லாவிட்டால்

“அப்போ பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம்தானே தம்பி?”

“வரம்புக்குள்ளதாம்மா இருக்கு” என்றேன். நான்கு வருடம் ஆகிறது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை மனசுக்குள் இன்னமும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வந்த, ஒரு விடுதியின் போர் தண்ணீர் அது. புளூரைடு லிட்டருக்கு 1.38 மில்லிகிராம். அளக்கும் மின்முனையைக் கழுவி, ஒற்றித் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே 1.38.

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-இல் புளூரைடுக்கு இரண்டு எண்கள்: ஏற்கத்தக்க வரம்பு 1.0, அனுமதிக்கத்தக்க வரம்பு 1.5. இரண்டாவதற்குள் வருகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் தரநிலையில் அந்த இரண்டாவது எண்ணுக்கு மேல் ‘அனுமதிக்கத்தக்கது’ என்று மட்டும் இல்லை. ‘வேறு நீராதாரம் இல்லாத நிலையில்’ என்றும் இருக்கிறது. எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் அந்த வார்த்தைகள் விடுபட்டிருந்தன. தினமும் பார்க்கிற படிவம்தான்; எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த அம்மா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “பின்னாடி பழைய கிணறு ஒண்ணு இருக்கு தம்பி. போர் போட்டதும் அதை விட்டுட்டோம்.”

கையெழுத்துக்குப் பிறகுதானே சொன்னார் என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் காகிதம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. கேட்டு வாங்கியிருக்கலாம்.

கேனில் வந்த தண்ணீருக்குத்தான் ஆய்வகம் பொறுப்பு, கிணறு இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் வேலை இல்லை. இதுவும் சரிதான். 1.5 என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும்கூட. அமெரிக்காவில் சட்டம் 4.0 வரை விடுகிறது. அப்படியானால் 1.38-க்கு நான் ஏன் இவ்வளவு தவிக்க வேண்டும்? ஆனால் அதே உலக சுகாதார நிறுவனம், மக்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் பார்த்து வரம்பு வைக்கச் சொல்கிறது. வெயிலில் ஓடியாடிவிட்டு வரும் பிள்ளைகள் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். சோறு வேகிறதும் அதே தண்ணீரில்தான். கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது. நீர் ஆவியாக ஆவியாக அடர்த்திதான் கூடும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் மிகுதியாகச் சேரும் புளூரைடு, பல் முளைத்த பிறகு கறையாகத் தெரியும்.

சரி, கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள் என்று சொல்லியிருந்தால்? கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் கிருமி நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதற்கு இரண்டாவது எண்ணே கிடையாது. ஆள் புழங்காமல் கிடக்கும் திறந்த கிணறு. புளூரைடு வருடக்கணக்கில் செய்யும் கேட்டைக் கிருமி இரண்டே நாளில் செய்துவிடும். அப்படிப் பார்த்தால் என் பதிலே அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதாக முடிந்திருக்கலாம். ஆனால் இதையெல்லாம் எடைபோட்டா அன்று பதில் சொன்னேன்? இல்லை. 1.5-ஐப் பார்த்தேன், சொன்னேன். இந்தக் கணக்கெல்லாம் அப்புறம் ராத்திரிகளில் போட்டது.

கிணற்றுத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. கிருமி நீக்கிய பாட்டில்கள் எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தன, மூடியில் காகிதம் சுற்றி, நூல் கட்டி, வரிசையாக.