களஞ்சியப் பொறுப்பாளர் மதிப்பீடு: இரண்டாம் தடவை நான் தயாரான விதம்

களஞ்சியப் பொறுப்பாளருக்கான தொழிற்தகைமை மதிப்பீட்டுக்குப் போக இருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். நெல், பசளை, சீமெந்து, கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்து போகிற இடம். முதல் தடவை போனபோது எனக்கு "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்றுதான் வந்தது. இந்த மதிப்பீட்டில் புள்ளி போட்டுத் தூக்கிவிடுகிற வேலை இல்லை, தேர்ச்சி அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். கொப்பி முழுக்க எனக்குப் பாடம். ஆனால் மதிப்பீட்டாளர் முதலில் கேள்வி கேட்கவில்லை, இருபது பசளை மூட்டையைக் காட்டி அடுக்கச் சொன்னார். உதவிக்கு நின்ற ஆளை வைத்துச் சுவரோடு ஒட்டி அடுக்குவித்தேன், ஏனென்றால் வேலைத்தலத்தில் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்தோம். அதன் பிறகு, சுவரில் இருந்து எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று கேட்டார். நான் சரியான பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு பயனும் இருக்கவில்லை.

அதனால் இரண்டாம் தடவைக்கு நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு என் களஞ்சியத்தில் நின்றே படித்தேன். விதி ஒவ்வொன்றுக்கும் "ஏன்" என்று கேட்டு, அதன் பதிலைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் விடவில்லை. எங்களிடம் மூட்டை இறக்குகிற நாட்டாமை ஐயா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கற்றதுதான் அதிகம். "சுவரோட ஒட்டினா மூட்டைக்கு மூச்சு விட இடமெங்க, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பின்பக்க அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், ஒரு மூட்டையை இழுத்துக் காட்டினார். சுவர்ப் பக்கம் சாக்கு கறுத்து, கை வைத்தால் ஈரம். உள்ளே நெல் கட்டிபட்டு, பூஞ்சண வாசம். முன்பக்கம் அதே மூட்டை நல்லாகத்தான் இருந்தது. ஒரு ஆள் நடந்து போகிற அளவு இடைவெளி விட்டால் காற்றும் போகும், எலி ஓட்டை போட்டதையும் பார்க்கலாம், அட்டியின் பாரம் சுவரைத் தள்ளாது. இந்த மூன்று காரணமும் எனக்கு அதன் பிறகு மறக்கவே இல்லை.

தரைக்கும் அப்படித்தான். 2018 டிசெம்பர் வெள்ளத்தை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் களஞ்சியத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பலகைத் தட்டுக்கு மேல் இருந்த அட்டியில் கீழ் வரிசை மட்டும் நனைந்தது, தரையில் வைத்திருந்த சீமெந்து அப்படியே கல்லாகிவிட்டது. நனையாவிட்டாலும் சீமெந்து காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், மூன்று மாதம் கிடந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகலாம் என்று கட்டடக்காரர் கணக்கு வைப்பார்கள். பத்து மூட்டைக்கு மேல் உயர்த்தினால் கீழே இருப்பவை இறுகும், அட்டியும் சரியும். வரிசைக்கு வரிசை நீளம், குறுக்கு என்று மாற்றிப் பின்னி அடுக்குவது, தைத்த வாய் உள்பக்கம் பார்க்க வைப்பது, முதலில் வந்தது முதலில் போவது, இவையெல்லாம் கட்டாயம் வரும்.

நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற எண் தெரிந்தால் போதாது. அறுவடை நேரம் வீதியோரம் காய்கிற நெல் மாலையில் மூட்டையாகி வரும், மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரித்தான் தெரியும். முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் அந்த மூட்டையை அட்டியில் ஏற்றாதீர்கள், ஈரமானியால் பாருங்கள்.

அடுத்தது எதை எதோடு வைக்கக்கூடாது என்பது. இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், நானும் ஒரு பாடம் பட்டேன். ஒரு நாள் கிழிந்த யூரியா மூட்டையும் கிழிந்த ரி.எஸ்.பி (பொஸ்பேற்றுப் பசளை) மூட்டையும் பக்கத்தில் கொட்டிக் கிடந்தன. இரண்டும் பசளைதானே என்று கூட்டி அள்ளி ஒரே உரப்பையில் போட்டுக் கட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பையின் அடி ஈரமாக இருந்தது, கூரை ஒழுகவும் இல்லை, பிரித்தால் உள்ளே சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரி.எஸ்.பிக்குள் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரை யூரியா வெளியே விடச் செய்கிறது என்று பயிற்றுநர் பிறகு விளக்கினார். யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு மூட்டைப் பசளை வீணானது. இரண்டாம் தடவை மதிப்பீட்டில் பசளை பற்றிக் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

பசளை வீணானால் பணம்தான் போகும். குளோரின் தூள் அப்படியில்லை. வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துச் சுத்தம் செய்ய அது வரும், ஆட்கள் அவசரத்தில் டீசல் கலனுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம், கழிவறை கழுவுகிற அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்து ஆட்களைக் கேட்டால் குளோரின் எப்படி நெஞ்சைப் பிடிக்கும் என்று சொல்வார்கள். நெல் அட்டிக்குப் பூச்சி கொல்ல வைக்கிற அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை இதைவிட மோசம், காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும், பொஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். பயிற்சி பெற்றவர் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது, அதில் நெருப்பு வந்தால் தண்ணீர் அடிக்கவும் கூடாது. பூச்சிமருந்தில் திரவம் கீழ்த்தட்டில், தூள் மேல்தட்டில் இருக்கட்டும், ஒழுகினால் தூள் கெடாது. விதைநெல்லும் சாப்பாட்டுச் சாமானும் பூச்சிமருந்து இருக்கிற அறைக்குள்ளேயே வரக்கூடாது.

பெய்ரூட் துறைமுகத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் நீண்ட நேரம் பேசினோம். 2020 ஓகஸ்ட் 4இல் வெடித்தது அங்கே ஒரு களஞ்சியத்தில் ஏறக்குறைய ஆறு வருடம் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. அதை வைத்துத்தான் "பின் காட்" (bin card) என்கிற, சாமானின் வரவு செலவு எழுதும் அட்டையின் அருமை எனக்குப் புரிந்தது. திகதி, அளவு, யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று அட்டையில் இருந்தால், எந்தச் சாமான் ஆட்டம் அசைவில்லாமல் கிடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். கிடக்கிற சாமானைப் பற்றி எழுத்தில் மேலே அறிவியுங்கள், வாயால் சொல்லிவிட்டு இருக்காதீர்கள்.

தூக்குவது பற்றிப் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஒரு வளர்ந்த ஆண் சுமக்கிற பாரமே 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும், பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறையவேண்டும் என்றும் சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. எங்கள் உரப்பை 50 கிலோ. மதிப்பீட்டில் திறமையைக் காட்ட வேண்டும் என்று அதைத் தனியே தூக்கப் போகாதீர்கள். "இதற்கு இன்னொரு ஆள் வேண்டும், இல்லையென்றால் தள்ளுவண்டி வேண்டும்" என்று சொல்லுங்கள், சரியான பதில் அதுதான். சின்னப் பெட்டி என்றால் முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் காலால் திரும்புங்கள்.

தீயணைப்பானில் எந்த நிறப் பட்டி எதற்கு என்று பாருங்கள், கறுப்பு காபனீரொட்சைட்டு, நீலம் உலர்தூள். அப்புறம், அதற்கு முன்னால் மூட்டை அடுக்கியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், மதிப்பீட்டாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் தடவை நான் உள்ளே போனதும் முதலில் செய்தது அதுதான். நான்கு மூட்டை தீயணைப்பானை மறைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றை நகர்த்தச் சொல்லிவிட்டு, ரோச்சை எடுத்துக்கொண்டு சுவருக்கும் அட்டிக்கும் இடையில் நடந்தேன். அவர் அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டார்.