அப்பா உள்ள போகாத ராமேஸ்வரம் கோயில்

அப்பாவுக்கு வருஷத் திதி முடிஞ்சதும் ராமேஸ்வரம் போயே ஆகணும்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. அப்பா டூரிஸ்ட் பஸ் ஓட்டுனவரு. எங்க தெருவுல பாதிப் பேரை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டுப் போனதே அவருதான், ஆனா அவரு ஒரு தடவை கூட கோயிலுக்குள்ள போனதில்ல. ராத்திரி பூரா ஓட்டி விடியக்காலைல கொண்டுபோய் எறக்கி விடுவாரு, ஆளுங்க கடல்ல குளிச்சு 22 தீர்த்தமும் ஆடி சாமி பாத்துட்டு வர்ற வரைக்கும்தான் இவருக்குத் தூக்கம், தூங்கலன்னா திரும்ப ஓட்ட முடியாது, பின்னாடி அம்பது உசுரு உக்காந்திருக்குன்னு சொல்வாரு. கோபுரத்தைப் பாத்து ஒரு கும்பிடு, அப்புறம் பஸ்ஸுக்குள்ளயே துண்டை விரிச்சுப் படுத்துருவாரு. யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேச மாட்டாரு, வயசானவங்க எத்தனை வாட்டி கேட்டாலும் வண்டியை ஓரங்கட்டுவாரு, லேட்டுக்கு ஓனர்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்து அதையும் சிரிச்சுட்டே சொல்வாரு. வண்டி ஓட்டுறதை விட்டதும் குடும்பத்தோட போவோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தாரு, அது நடக்கல.

அதனால அவரு சொன்ன ரூட்லயே போனோம். மொதல்ல உப்பூர் வெயிலுகந்த பிள்ளையார், அங்க கருவறைக்கு மேல கூரை கிடையாது, "நம்மள மாதிரியே வெயில்ல டூட்டி பாக்குறாரு"ன்னு அப்பா சொல்வாராம். அப்புறம் தேவிபட்டினத்துல நவகிரகம். பாம்பன்ல வண்டியை மெதுவா விடச் சொல்லி 2025ல தொறந்த புது ரயில் பாலத்தைப் பாத்தோம், நடுவுல அப்படியே மேல தூக்குமாமே, அப்பா இருந்திருந்தா அதைப் பத்தியே ஒரு வாரம் பேசியிருப்பாரு.

அன்னைக்கு அமாவாசை வேற, கூட்டத்தைப் பத்திக் கேக்கவே வேணாம். வண்டியை விட்டு காலைக் கீழ வைக்கல, அதுக்குள்ள நாலு பேரு சுத்திக்கிட்டாங்க. திதி குடுக்கணுமா, தனி வாளி வெச்சு ஊத்துறோம், கியூ இல்லாம உள்ள விடுறோம்னு ஒரே பிச்சுப் புடுங்கல். அக்னி தீர்த்தத்துல காலு வைக்கிற எடமெல்லாம் விட்டுட்டுப் போன பழைய துணி, புண்ணியம் தேடி வந்த எடத்துல இதையுமா செய்வாங்க, சொன்னா நம்மளத்தான் மொறைக்கிறாங்க. தம்பி தர்ப்பணத்துக்கு உக்காந்தப்ப அம்மா தள்ளியே நின்னுட்டாங்க.

எங்க வேன் டிரைவர் சின்னப் பையன். நீங்க போய்ட்டு வாங்கக்கா, நான் தூங்குறேன்னான். அம்மாவுக்கு மொகமே மாறிப் போச்சு. "எந்திரிப்பா, நீயும் வா. இன்னைக்கு ராத்திரி கெளம்பல, ரூம் போட்டுக்கலாம்"னுட்டாங்க. எங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கல! மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தம் வரைக்கும் அவனும் எங்க கூடவே நனைஞ்சான், வழுக்குற எடத்துலெல்லாம் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டான்.

துணி மாத்திட்டு, அனுமார் கொண்டாந்த விஸ்வநாதரை முதல்ல கும்பிட்டுட்டு ராமநாதர் சன்னதிக்கு வந்தோம். நான் மனசுக்குள்ள பெரிய லிஸ்ட்டே வெச்சிருந்தேன், அங்க போய் நின்னதும் ஒண்ணும் ஞாபகம் வரல. பக்கத்துல அம்மா சத்தமாவே சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. "எத்தனை வருஷம் உன் வாசல் வரைக்கும் வந்தாரு, எத்தனை பேரை உன்கிட்ட கொண்டாந்து விட்டாரு, அந்த மனுஷனை ஒரு நாளாவது உள்ள கூப்பிட்டியா நீ"ன்னு. நகருங்க நகருங்கன்னு கத்திட்டிருந்தவரு கூட சட்டுனு நிறுத்திட்டாரு. குருக்கள் ஒண்ணும் சொல்லல, ரெண்டு வில்வத்தை எடுத்து அம்மா கையில குடுத்தாரு. நான் எங்க அழுதேன் எப்படி வெளிய வந்தேன்னே தெரியல, 1212 தூணுங்கிற அந்தப் பெரிய பிரகாரத்தை சுத்தி வந்தும் ஒரு தூண் கூட கண்ணுல நிக்கல.

பர்வதவர்த்தினி அம்மன் சன்னதில அம்மா ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. சண்டையெல்லாம் தீந்துருச்சு போல, சேதுக்கரை மண்ணு எடுத்துக்கலாமா, காசிக்குக் கொண்டு போகணும்ல, இந்தப் பையனே நம்மள ரயிலேத்தி விடுவான்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ராமநாதா, எங்கம்மா பேசுனதுக்கெல்லாம் கோச்சுக்காதப்பா. அவங்களைக் கொண்டாந்து உன் முன்னாடி நிக்க வெச்சியே, அதுக்கே கோடி நமஸ்காரம். எங்கப்பாவைப் பாத்துக்கோ.