கோத்தகிரியில் வாங்கிய 97 புல்லட்

"நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க சார்" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுவிட வேண்டும். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஜனவரி மாதம், காலை ஏழரை மணி, கோத்தகிரிக் குளிர். அந்த நேரத்தில் ஒரு வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

விற்றவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் கிக்கர் மிதிக்க முடியாமல்தான் விற்கிறார். வண்டி 1997 புல்லட் ஸ்டாண்டர்ட், 346 சிசி, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், டிஎன் 43 பதிவு, அவர்தான் முதல் உரிமையாளர்.

"நீங்க மிதிங்க தம்பி, நான் சொல்றேன்" என்றார். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினேன். ஹெட்லைட் மேலிருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் நடுவுக்கு வந்தது. "அங்கதான், நிறுத்துங்க." இடது கையில் டீகம்ப்ரஷன் லிவரை (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு நூல் இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் விலை பேச மனசு வரவில்லை. ஆனாலும் பேசினேன்.

கிளம்பியதும் சைலன்சரில் நல்ல புகை. ஒரு மாதமாக நின்ற வண்டி என்பதால் பயப்படவில்லை. நின்ற புல்லட்டில் ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியில் சேர்ந்துவிடும், அது எரிந்து தீரும்வரை புகைக்கும். ஐந்து நிமிடத்தில் அடங்கியது. அடங்காமல் நீலமாகவே வந்துகொண்டிருந்தால் பிஸ்டன் ரிங்கோ, பிஸ்டன் ஓடும் துளையான போரோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், நான் திரும்பி வந்திருப்பேன். கோடநாடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் தட்டு போயிருக்கும். இது நன்றாகவே இழுத்தது. இங்கே நான் அதிகம் தேடியது துருவைத்தான். மூடுபனியில் நின்ற வண்டி வெளியே பளபளவென்று இருக்கும், டேங்க்கின் அடிவயிற்றையும் சீட்டுக்குக் கீழே இருக்கும் ஃபிரேமையும் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். டேங்க் அடியில் மட்டும் துரு இருந்தது. டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு, தயாரான ஆண்டு. பின் டயரில் 11 என்று இருந்தது, ரப்பர் கல்லாகிவிட்டது. 95,000 கேட்டார், இந்த இரண்டையும் காட்டி 84,000-க்கு முடித்தோம்.

பேப்பர் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அவர் ஒழுங்காகப் புதுப்பித்து 2027 வரை வைத்திருந்தார், பழைய வண்டிக்குக் கட்டும் பசுமை வரி ரசீதும் இருந்தது. ஆனால் 1997-ல் வாங்கிய கடனை எப்போதோ கட்டி முடித்தும், ஆர்சியில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரை நீக்கவே இல்லை. அதை நீக்காமல் பெயர் மாற்ற முடியாது. படிவம் 35-ல் அவர்கள் கையெழுத்தும் தடையின்மைச் சான்றும் வேண்டும். அந்த நிறுவனத்தின் கோவை அலுவலகத்தில் பழைய கணக்கைத் தேடி எடுக்கச் சொல்லி மூன்று முறை கீழே இறங்கி ஏறினோம். மூன்றாவது வாரம்தான் கடிதம் வந்தது. இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். நான் பத்தாயிரம்தான் முன்பணம் கொடுத்திருந்தேன், அவரும் தப்பாக நினைக்கவில்லை. அப்புறம் பெயர் மாற்றத்துக்கு, விற்றவர் 14 நாளுக்குள் தர வேண்டிய படிவம் 29 இரண்டு பிரதி, வாங்கியவர் 30 நாளுக்குள் தர வேண்டிய படிவம் 30, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி எதை மாற்றுவது? கோவை நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செயினை ஓட்டும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லிலிருந்து 18 ஆக்கு, பெரிய சைலன்சர் போடு, பின்னால் அகல டயர் போடு. சமவெளியில் எண்பதில் போகிறவருக்கு 18 பல் சுகம்தான். நான் ஓட்டுவதோ குன்னூரில், அது 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்து, எஞ்சினின் 18 குதிரைத்திறனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விடுகிறது. அதன்மேல் 18 பல் போட்டு இழுவையையும் குறைத்தால் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர்தான். 16-ஐத் தொடவே இல்லை. டயரும் அதே 3.25-19, புதிதாக இரண்டு. சைலன்சரில் கை வைக்கவில்லை. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைக்கக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது, தோட்டத்துக் குடியிருப்பில் தூங்குகிற குழந்தைகளும் இருக்கிறார்கள்.

குன்னூர் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டபோது, "முதல்ல வண்டி நிக்கணும் தம்பி, ஓடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அதனால் முதல் செலவு முன் பிரேக். இருந்தது சிங்கிள் லீடிங் டிரம், அதாவது இரண்டு ஷூவில் ஒன்று மட்டும் தன்னை இறுக்கிக்கொள்ளும் வகை, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கையை இறுக்கினாலும் யோசித்துத்தான் பிடிக்கும். பிற்காலத்தில் வந்த புல்லட்டுகளில் கம்பெனியே போட்ட ட்வின் லீடிங் ஷூ பிரேக்கைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்போடு மாற்றினோம். இறக்கத்தில் இரண்டு ஷூவும் டிரம் சுழலும் வேகத்திலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிந்தது.

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது, மலையில் ஓட்டுபவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும் ரோட்டில் ஒரு ஜீப்புக்காக நின்றேன். முன் பிரேக்கை முழுசாகப் பிடித்திருந்தும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. சக்கரம் பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூவும் பிடியை இழந்துவிடும், இந்த வகை பிரேக்கின் குணமே அதுதான். பின்னால் ஆள் இல்லாததால் தப்பித்தேன். இப்போது ஏற்றத்தில் நின்றால் முன் பிரேக்கை நம்புவதில்லை. புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியரைப் போட்டுவிட்டு வலது காலைத் தரையில் ஊன்றி, இடது காலால் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். பழக ஒரு வாரம் ஆனது.

எலக்ட்ரானிக் இக்னிஷனை ரொம்ப நாள் யோசித்தேன். இப்போது பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட் செட் பனி ஈரத்தில் தடுமாறும், உண்மை. ஆனால் இரவில் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் நின்றுவிட்டால், பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வீட்டுக்கு வந்துவிடலாம். எலக்ட்ரானிக் பெட்டி போனால் லாரிதான். புது பாயிண்ட், புது கண்டன்சர், மூடிக்குப் புது பேக்கிங் போட்டதோடு சரி. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் மேட்டுப்பாளையம் இறங்கும்போது பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். பெட்ரோல் அளவைக் கொஞ்சம் குறைக்க, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை மட்டும் ஒரு பள்ளம் மேலே ஏற்றினோம், பிளக் கறுப்பது குறைந்துவிட்டது. விளக்குக்கு ரிலே வைத்துத் தனி வயரிங், ஹாலஜன் பல்ப். வெள்ளை எல்ஈடி வெளிச்சம் மூடுபனியில் கண்ணிலேயே திரும்பி அடிக்கிறது, அது வேண்டாம்.

இதுவரை டயரோடு சேர்த்து 21,000 ஆகியிருக்கிறது. முன் ஃபோர்க்கில் இடது பக்க ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கழற்றலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.