50 இல் வந்து நின்ற எண்

சுன்னாகத்தில் வீட்டு முற்றம் கூட்டும்போதே அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் எடுத்த எக்கோ பரிசோதனையில் பெருநாடி வால்வு சுண்ணாம்பு படிந்து ஒடுங்கியிருப்பது தெரிந்தது. 79 வயதில் நெஞ்சைத் திறப்பது ஆபத்து என்பதால், தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி வால்வு பொருத்தும் டாவி சிகிச்சைக்குக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். சிகிச்சை நல்லபடியாக முடிந்து மறுநாளே அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததால், ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு ஆசனம் பதிவது பற்றிக்கூடப் பேசிக்கொண்டோம்.

வைத்தியர் மட்டும் முந்தைய ஈ.சி.ஜி. தாளையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, கழுத்து வழியாக இதயத்துக்குள் விட்டிருந்த தற்காலிக பேசிங் வயரை, அதாவது துடிப்பு குறைந்தால் வெளியே உள்ள இயந்திரத்திலிருந்து மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் கம்பியை, எடுக்க வேண்டாம் என்றார். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் பாதை பெருநாடி வால்வுக்குச் சற்றுக் கீழே ஓடுவதால், புதிய வால்வின் உலோகச் சட்டம் அதை அழுத்தக்கூடும் என்றும், சுற்றியுள்ள தசை வீங்கினால் அந்தப் பாதிப்பு சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம் என்றும் விளக்கினார். அந்தப் பாதையின் வலது கிளை அம்மாவுக்கு முன்பே அடைபட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கே, இதயத்தை மின்துடிப்பால் இயக்க உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"இந்த வயரைக் கழட்டச் சொல்லு பிள்ளை, கழுத்தைத் திருப்பேலாமல் கிடக்கு" என்று அம்மா இரண்டு நாளும் கெஞ்சினார். எனக்கும் மனம் இளகியது.

மூன்றாம் நாள் இரவு தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, தலை சுற்றுகிறது என்றார். மொனிட்டரில் 72, 75 என்று மாறிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு எண் 50 இல் வந்து அசையாமல் நின்றது. அம்மாவின் சொந்தத் துடிப்பு கீழறைக்கு இறங்காமல் போக, 50 இல் வைக்கப்பட்டிருந்த இயந்திரம் அந்த வயர் வழியாக இதயத்தை இயக்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்த தாதி சொல்லித்தான் இது எனக்கு விளங்கியது. என் கைவிரல்களை அம்மா இறுகப் பற்றியிருந்தார்.

இரண்டு நாள் பார்த்தும் அடைப்பு நீங்காததால், இடது காறை எலும்பின் கீழ் நிரந்தர பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில வாரங்கள் இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, கைத்தொலைபேசியை அந்தப் பக்கச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது என்று எழுதித் தந்தார்கள். கொடியில் துணி போடுவதையும் கிணற்றில் அள்ளுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். பேஸ்மேக்கர் அட்டையை அம்மா அடையாள அட்டையுடன் சேர்த்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறார். கிளினிக்குக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே படியிறங்குவார்.